வாசற்படியில் விழுந்த பசு

கேழ்வரகுக் காட்டை விற்றுவிட்டு, கெலமங்கலத்திலிருந்து இரண்டு மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கோவிந்தப்பன் குடும்பம் ஒருவழியாக ஓசூர் வந்து சேர்ந்துவிட்டது. வழியில் உடைந்தது ஓர் ஊறுகாய் ஜாடி மட்டும்தான். மனசு உடைகிற வேலை இந்த வாரத்துக்கு மிச்சம் இருந்தது.

தளி ரோட்டின் கோடியில் ஓட்டு வீடு. ஓட்டு வீடுதான் என்றாலும் கரண்டு இழுத்த வீடு. 1955-ஆம் வருஷத்தில் அந்தத் தெருவில் அப்படி மூன்றே வீடுகள் இருந்தன. "சுவிட்சைத் தட்டினா பகல்!" என்று கோவிந்தப்பன் எதிரே வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னான். தட்டுவதற்கு மேல் அவனுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அவன் மனைவி ஜோதியம்மாளுக்கு விளக்கைவிடப் பெரியது பின்கட்டில் இருந்த சிறிய அறை. அது அவள் தங்கை காவேரிக்கு. இருபத்திரண்டு வயதில் தாலி இழந்தவள் காவேரி. சிங்காரப்பேட்டையில் புருஷன் வீட்டார் அவள் பங்கு நிலத்தை எழுதி வாங்குவதற்காகத் தானிய அறையில் போட்டுப் பூட்டியதும், எட்டாவது மாதம் ஒரு விடியலில் அவள் ஓட்டைப் பிரித்து வெளியே வந்ததும் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படி வந்தவளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கொடுக்க வேண்டும் என்பதுதான் ஜோதியம்மாளின் ஆசை. அதற்காகத்தான் அவள் காட்டை விற்கச் சம்மதித்தாள்.

அந்த அறையில் காவேரி படுத்தது இரண்டே ராத்திரி.

வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். தை மாதப் பனி ரோட்டை மறைத்துக்கொண்டிருந்தது. பந்தலில் மைக் செட்டுக்காரன் நாகசுர இசைத்தட்டு போட்டுவிட்டான். வாசலில் பெரிய கருங்கல் பலகை ஒன்று படியாகக் கிடந்தது. அதை மஞ்சள் நீர் விட்டுக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும், பிறகு மற்றவர்கள். அதுதான் முறை. அதுவரைக்கும் வீட்டார் பின்வாசல் வழியாகத்தான் புழங்கினார்கள்.

அடுத்த தெரு மாரம்மா தன் செவலைப் பசுவை ஓட்டி வந்தாள். கொம்பில் மஞ்சள், கழுத்தில் சாமந்தி.

"பா, தாயி, பா" என்று கன்னடத்தில் கொஞ்சி அழைத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து நடத்தினாள். பசு பந்தலுக்குள் அசைந்து அசைந்து வந்தது. கல்லில் முன்காலை வைத்தது. வைத்ததும் துள்ளிப் பின்னால் போய்விட்டது.

"புது எடம், மெரளுது" என்று சிரித்தாள் மாரம்மா.

இரண்டாம் தடவை வெல்லத்தைக் காட்டி அழைத்தாள். மறுபடியும் கல்லைத் தொட்டதும் உதறிக்கொண்டு திரும்பியது. சிரிப்பு நின்றது. மூன்றாம் தடவை கோவிந்தப்பனும் இன்னும் இரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். பசு நான்கு காலும் விறைக்க, 'ம்ம்மா' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு முழங்கால் மடங்கிக் கல்லின்மேல் விழுந்தது.

கிரகப்பிரவேசத்தன்று வாசலில் பசு விழுந்தால் அந்த வீட்டைப்பற்றி ஊர் என்ன சொல்லும்? மைக் செட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ஜோதியம்மாள் பாய்ந்து போய்ப் பசுவின் கழுத்தைத் தூக்கினாள். ஈரக் கல்லில் இடது கையை ஊன்றினாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஜிவ்வென்று எறும்பு ஏறியது. வெடுக்கென்று கையை எடுத்தாள். அதற்குள் மாரம்மா கயிற்றைச் சுண்டி இழுத்துப் பசுவை எழுப்பிவிட்டாள். பயந்து போன கன்றைப் படியோரம் நட்டிருந்த பந்தக்காலில் கட்டினார்கள்.

"நேரம் தப்பிப் போச்சு. இனிமே பதினொண்ணே முக்காலுக்கு மேல, பன்னெண்டரைக்குள்ள ஒரு முகூர்த்தம் இருக்கு" என்றார் புரோகிதர். "அதுக்குள்ள என்ன குறைன்னு பார்த்துச் சரி பண்ணிக்கோங்க."

குறையைப் பார்க்கக் கங்கப்பனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கோவிந்தப்பனின் அண்ணன். தம்பி வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் தீர்ப்பு.

"நான் அப்பவே சொன்னேன். தாலி இழந்தவள வூட்ல வெச்சிகினு மாட்ட கூப்பிட்டா எப்பிடி வரும்?"

"அவ பின்கட்டுலதான மாமா இருந்தா!" என்றாள் ஜோதியம்மாள்.

"வெளக்குத் திரி கொண்டாந்து உன் கையில குடுத்தாளே, நான் பாக்கலன்னு நெனச்சியா? அந்த நேரத்துலதான் மாடு கால வெச்சுது."

"கல்லுல என்னமோ இருக்குது மாமா. எனக்குக் கை ஜிவ்வுன்னுது. ஈரக் கையோட சுவிட்ச்ச தொட்டப்ப ஒரு தடவ இப்பிடித்தான் இருந்திச்சு. கரண்டு."

கங்கப்பன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது.

"கல்லுல கரண்டா? கரண்டு பல்புல இருக்கும். கல்லுல வயரு போட்டிருக்குதா? கோவிந்தா, உன் பொண்டாட்டிக்கு நல்லாவே வெளிச்சம் வந்துடுச்சு!"

அவர் மனைவி வெங்கடம்மாள் முன்னால் வந்தாள். "எனக்குந்தான் கலசம் எடுத்துகினு வரும்போது ஒடம்பு சிலித்துப் போச்சு. அது அம்மன்டி. வேணாம் வேணாம்னு அம்மன் சொல்றா. உனக்குத்தான் காது கேக்கல."

தீர்ப்பு எழுதியாயிற்று. பதினொன்றரைக்குக் கிருஷ்ணகிரி பஸ். காவேரி அதில் ஏறிச் சிங்காரப்பேட்டைக்குப் போக வேண்டும். அவள் ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் பசு மறுபடி வாசலுக்கு வரும். ஜோதியம்மாள் புருஷனைப் பார்த்தாள். கோவிந்தப்பன் பந்தலின் ஓலையைப் பார்த்தான். அண்ணன் எதிரில் அவன் எப்போதும் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான்.

பின்கட்டு அறையில் காவேரி தகரப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஜோதியம்மாளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"வுடு அக்கா. நீ பால் காய்ச்சணும். நேரத்தோட மறுபடி தலைக்கு ஊத்திக்கோ."

"அங்க போனா உன்ன என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமில்ல?"

"கையெழுத்து கேப்பாங்க. போட்டுடறேன்."

"போட்டப்புறம்?"

காவேரி பெட்டியின் கொண்டியை மாட்டினாள். மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"அந்த ரூமு ஜன்னல்ல இருந்து பாத்தா கெணறு தெரியும் அக்கா. எட்டு மாசம் அதையே பாத்துகினு இருந்தேன். இந்தத் தடவ அவ்ளோ நாளு பாக்க மாட்டேன்."

ஜோதியம்மாள் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பஸ்ஸு வரைக்கும் போ. ஏறாத. நான் வர வரைக்கும் ஏறாத. என் மேல ஆணை." காவேரி பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

கோடாலிக் கொண்டையோடு, மறுபடி குளிக்காமல், வீட்டுக்காரி தன் கிரகப்பிரவேசத்தன்று தெருவில் ஓடினாள். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வயர்மேன் கிருஷ்ணப்பன் வீடு பேட்டையில் இருக்கிறது. இந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் அவன்தான். அவன் வந்து 'ஆமாம், கரண்டுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கிருஷ்ணப்பன் வீட்டில் இல்லை.

"கெலமங்கலத்துல பம்பு செட்டு. பொழுது சாஞ்சாதான் வருவாரு" என்றாள் அவன் மனைவி சாந்தம்மா. கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஜோதியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி அழுதுவிட்டாள். சாந்தம்மா சல்லடையைக் கீழே வைத்தாள்.

அழுகையும் மூச்சிரைப்புமாக விஷயம் வெளியே வந்தது. பசு, கல், எறும்பு ஏறிய கை.

"எனக்குக் கரண்டு தெரியாதும்மா" என்றாள் சாந்தம்மா. "ஆனா பதினோரு வருசமா அந்த மனுசன் சோத்துல கைய வெச்சிகினு யார யாரத் திட்றாருன்னு கேட்டுகினு இருக்கேன். செவப்பு வயர்ல வரும், கறுப்பு வயர்ல திரும்பிப் போவும். மூணாவதா ஒண்ணு, மேல துணி சுத்தாத வெறுங்கம்பி, செம்புக் கம்பி. பாத்திருக்கியா?"

"வாசச் செவுத்துல எறங்குது. மீட்டர் பெட்டிகிட்ட இருந்து."

"அதான். அது மண்ணுக்குள்ள போவுது. ஆறடி குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிப் பொதைப்பாரு. என் அடுப்புக் கரியெல்லாம் அதுக்குத்தான் போவுது. அதுல எப்பவும் கரண்டு போவாது. வூட்டுல எங்கனா கரண்டு ஒழுவுச்சுன்னா அத வாங்கிகினு போயி மண்ணுக்குள்ள வுட்டுடும், சாக்கட மாரி. சாக்கட அடைச்சா என்னாவும்? வாசல்ல நிக்கும்." அவள் குரல் தாழ்ந்தது. "அந்தக் கம்பிய யாருனா தொட்டீங்களா? குழி கிழி தோண்டினீங்களா?"

ஜோதியம்மாளுக்குச் சுருக்கென்றது. ஈசானிய மூலையில், படிக்குப் பக்கத்தில், கடப்பாரையால் குழி போட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை பந்தக்கால் நட்டார்கள்.

"மாட்டுக்கு அது ஆவவே ஆவாது" என்றாள் சாந்தம்மா. "நாலு காலு, அகட்டி வெச்சு நிக்கும். நமக்கு எறும்பு கடிச்சாப்பல இருக்கும், அதுக்கு உசிரே போவும். ஓடும்மா. மொதல்ல மெயினக் கீழ தள்ளு. காஞ்ச பலக மேல நின்னுகினு தள்ளு. ஒழுவுற எடத்த அப்புறம் தேடு."

திரும்பி வந்தபோது பந்தல் கடிகாரத்தில் பதினொன்றே கால். காவேரி இல்லை. கங்கப்பன் அவளையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு அப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

ஜோதியம்மாள் வாசல் சுவரைப் பார்த்தாள். மீட்டர் பலகையிலிருந்து செம்புக் கம்பி இறங்கி வந்தது. வந்து, மண்ணுக்குள் போகாமல், பந்தக்கால் ஓரமாக வளைந்து கல் பலகைக்கு அடியில் நுழைந்திருந்தது.

"இது யாரு பண்ணினது?"

"நான்தான்" என்றான் கோவிந்தப்பன். "குழி தோண்டறப்ப கடப்பார பட்டு அறுந்துபோச்சு. வெளிய நீட்டிகினு இருந்தா யாருனா தடுக்கி வுழுவாங்கன்னு கல்லுக்கு அடியில சொருகி வெச்சேன். ஏன்?"

தடுக்கி விழக்கூடாது என்று அவன் செய்த உபகாரம்! கம்பி அறுந்தது சரி. அந்தக் கம்பிக்குக் கரண்டு எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு இடத்தில் ஒழுக வேண்டுமே.

அவள் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். சுவரோடு சுவராக மரச்சட்டம் ஓடியது. வயர்கள் அதற்குள்ளே இருக்கின்றன; வெறுங்கம்பி மட்டும் சட்டத்தின் அடியை ஒட்டி வெளியே ஓடுகிறது. சமையலறை, கூடம், நடை என்று அண்ணாந்தபடியே கம்பியைத் தொடர்ந்து நடந்தாள். கூடத்தில் வெங்கடேசப் பெருமாள் படத்துக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது.

அந்தப் படத்தை நேற்றுச் சாயங்காலம் மாட்டியவள் அவள்தான்.

சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்கவில்லை. நான்கு இடத்தில் அடித்தாள், நான்கு இடத்திலும் காரை பெயர்ந்து விழுந்தது. மரச்சட்டம் கெட்டியாக இருந்தது. முக்காலி போட்டு ஏறி, சட்டத்தில் ஒரு மூன்றங்குல ஆணியை ஓங்கி அடித்தாள். 'அப்பாடா, நின்னுச்சு' என்று சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது. ஆணி உள்ளே எந்த வயரைக் குத்தியதோ. படத்தை மாட்டிய இரும்புக் கம்பி ஆணியில் தொங்கி, வழியில் அந்தச் செம்புக் கம்பியின்மேல் நன்றாகச் சாய்ந்திருந்தது.

ஆணியிலிருந்து படத்தின் கம்பி. அதிலிருந்து செம்புக் கம்பி. அதிலிருந்து கல். கல்லிலிருந்து பசு. பசுவிலிருந்து காவேரி.

"நான்தான்டி" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க அங்கே யாருமில்லை.

மெயின் சுவிட்ச் நடைச் சுவரில் கறுத்த இரும்புப் பெட்டியாக இருந்தது. வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. கோவிந்தப்பன் அதற்குப் பொட்டு வைத்ததோடு சரி. மணைப்பலகையை இழுத்துப் போட்டு ஏறி நின்று, கையைப் புடவையில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிடியைக் கீழே தள்ளினாள்.

டக்.

வெளியே நாகசுரம் தட்டிலேயே இழுத்து இழுத்து அழுது நின்றது. "ஐயோ! பாட்டு நின்னுபோச்சு! அபசகுனம்!" என்று பெண்கள் கத்துவது கேட்டது. அவள் ஆணியைப் பிடுங்கக் கையைக் கொண்டு போனாள். உடனே இழுத்துக்கொண்டாள். பிடுங்கிவிட்டால் நாளைக்கு யார் நம்புவார்கள்? ஆணி அப்படியே இருக்கட்டும். கங்கப்பன் வந்து கண்ணால் பார்க்கட்டும்.

இப்போது காவேரியைக் கூட்டி வர வேண்டும். அவளை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு பசுவை ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஊர் வாய் மூடும். இப்படி எண்ணிக்கொண்டு பந்தலுக்கு ஓடி வந்தவள் அலறிவிட்டாள்.

"வேணாம் மாரம்மா! இப்ப வேணாம்!"

மாரம்மா ஒன்றும் செய்யவில்லை. பந்தக்காலில் கட்டியிருந்த கன்று கூப்பிட்டது. பசு கயிற்றை இழுத்துக்கொண்டு கன்றிடம் வந்தது. நக்கிக் கொடுத்தது. உள்ளே பரப்பியிருந்த பச்சைப் புல்லைப் பார்த்தது. கல்லில் ஒரு காலை வைத்தது, இன்னொரு காலை வைத்தது, யாரும் தள்ளாமல், யாரும் கூப்பிடாமல், சாவதானமாக உள்ளே நடந்து போய்விட்டது.

பந்தலே எழுந்து நின்றது. "போயிடுச்சு! மாடு உள்ள போயிடுச்சு!"

"பாத்தியாடி?" என்று வெங்கடம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தத் தரித்திரம் தெருவ வுட்டுப் போனதுதான் தாமசம். அம்மன் வழி வுட்டுட்டா!"

தங்கைக்காகத் தேடிப் பிடித்த சாட்சி தங்கைக்கு எதிராகவே போய் நின்றுவிட்டதே! "நான் மெயின நிறுத்தினேன், அதனாலதான் போச்சு" என்று ஜோதியம்மாள் கத்தினாள். யார் காதில் ஏறும்? மைக் செட்டுக்காரன் ஒருவன்தான் கேட்டான். "நீங்கதான் நிறுத்தினீங்களா? போடுங்கம்மா மொதல்ல."

"போடறேன்" என்றாள். "எல்லாரும் பாருங்க."

ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கல்லின்மேலும் சுற்றி மண்ணிலும் கொட்டினாள். உள்ளே போய்ப் பலகைமேல் ஏறிப் பிடியை மேலே தள்ளினாள். நாகசுரம் உயிர் பெற்றது. வெளியே வந்து புருஷனின் எதிரில் நின்றாள்.

"நீங்க மெதிங்க."

"என்னாத்த?"

"கல்ல. ஒரு காலு கல்லுல, ஒரு காலு மண்ணுல. அந்த மாடு நின்னாப்பல. கண்ணாலம் ஆயி பதினாலு வருசத்துல உங்கள நான் ஒண்ணும் கேட்டதில்ல."

கோவிந்தப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். இந்தத் தடவை ஓலையைப் பார்க்க முடியவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு காலை வைத்தான்.

வைத்த காலை எடுக்க முடியாமல் உடம்பு வெட்டியது. "ஹா!" என்று அலறிக்கொண்டு பந்தலுக்குள் உருண்டான். ஜோதியம்மாள் ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்தாள்.

"காலு மரத்துப் போச்சு" என்றான். பிறகு அவனுக்கும் அது புரிந்தது. "கல்லுலதான்டி. கல்லுலதான் இருக்குது. நீ ஓடு. பஸ்ஸு போயிடும். ஓடு!"

அவள் ஓடினாள்.

பஸ் போகவில்லை. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கங்கப்பன் குடையை ஊன்றியபடி பஸ்ஸடியில் காவல் நின்றார். காவேரி உள்ளே, மடியில் பெட்டியோடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, தப்பு என்னுது. நான் அடிச்ச ஆணி. உங்க தம்பியே மெதிச்சுப் பாத்துட்டாரு. அவள எறக்கி வுடுங்க."

"மாடு உள்ள போச்சா, இல்லியா?"

"போச்சு. ஆனா..."

"அப்ப என்னாத்துக்கு அவ?" என்று கங்கப்பன் திரும்பிக்கொண்டார்.

"சரி. நானும் போறேன்" என்றாள் ஜோதியம்மாள். படியில் ஏறிவிட்டாள். "வூட்டுக்காரி இல்லாம நீங்களே பால் காய்ச்சிக்கோங்க."

கங்கப்பனுக்கு முகம் செத்துப்போனது. முகூர்த்தம் முடிய இன்னும் முக்கால் மணிதான் இருக்கிறது. "ஏய், ஏய்! எறங்கு. சரி, அவளையும் கூட்டிகினு வந்து தொல. பின்கட்டோட கெடக்கட்டும்."

ஜோதியம்மாள் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். "கேட்டியா? எழுந்திருடி."

காவேரி எழவில்லை.

"நான் இல்லாதப்பதான மாடு போச்சு?"

"அது நான் மெயின நிறுத்தினதாலடி."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்." காவேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நாளைக்கு ஒரு கன்னு சாவும். அடுத்த வருசம் மழ வராது. அதுக்கெல்லாம் எந்தச் செவுத்துல ஆணி தேடுவ அக்கா?"

ஜோதியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டிரைவர் வாளியைக் கீழே வைத்தான். பஸ் ஸ்டாண்டு ஒரு கணம் அமைதியாக இருந்தது. வடக்கே வீசிய காற்றில், தளி ரோட்டுப் பக்கமிருந்து, மெலிதாக நாகசுரம் வந்தது.

அவள் வீட்டுப் பாட்டு.

முதலில் காதில்தான் விழுந்தது. பிறகுதான் நெஞ்சில் விழுந்தது. பாட்டு கேட்கிறதென்றால் கரண்டு ஓடுகிறது. கரண்டு ஓடுகிறதென்றால்...

"காவேரி, நான் மெயின நிறுத்தாம வந்துட்டேன்டி" என்றாள். "ஆணி அப்பிடியே இருக்குது. கல்லு மேல ஒரு கொடம் தண்ணி கொட்டி வெச்சிருக்கேன். எங்க வூட்டுக்காரருக்குக் காலு வரல, அவருக்கு அதத் தொடவும் தெரியாது. பூச முடிஞ்சதும் மாட்ட வெளிய ஓட்டிகினு வருவாங்க. கன்னு..."

"கன்னு எங்க?"

"படிகிட்ட. பந்தக்கால்ல கட்டியிருக்குது."

காவேரி எழுந்தாள். மடியிலிருந்த பெட்டி உருண்டு பஸ்ஸின் தரையில் விழுந்து திறந்துகொண்டது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் எட்டில் படியிறங்கி, கங்கப்பனின் குடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தளி ரோட்டில் பறந்தாள்.

"ஏய்! எங்கடி போற?" என்று கங்கப்பன் கத்தினார்.

ஜோதியம்மாள் பின்னால் ஓடினாள். முன்பே ஓடி ஓடி இற்றுப்போன கால்கள். காவேரிக்கு வயசு குறைவு. அவள் பத்தடி, இருபதடி, ஐம்பதடி என்று முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

நில் என்று கூப்பிட ஜோதியம்மாள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். அவளை நிறுத்தினால் கன்று போய்விடும். நிறுத்தாவிட்டால்? அங்கே ஏதாவது நடந்திருந்து, அந்த வாசலில் முதல் ஆளாகக் காவேரி போய் நின்றால், ஒருவரும் ஆணியைப் பார்க்கமாட்டார்கள். ஒருவரும் கம்பியைப் பார்க்கமாட்டார்கள். அவளைத்தான் பார்ப்பார்கள்.

ஜோதியம்மாள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். தங்கைக்கு முந்தி அந்த வாசலுக்குத் தான் போய்ச் சேர வேண்டும் என்று ஓடினாள்.